என்.எச். 744-க்கு எந்த டயர்? ஹிமாலயன் 411-இல் டூரன்ஸ் டயர் ஓட்டிய அனுபவம்

செங்கோட்டையில் இருந்துகொண்டு பைக்குக்கு டயர் தேர்ந்தெடுப்பது கொஞ்சம் வம்பு பிடித்த வேலை. தேசிய நெடுஞ்சாலை 744 திருமங்கலத்துக்கும் கொல்லத்துக்கும் நடுவே ஓடுகிறது. நம்பர் ஒன்றுதான், சாலை இரண்டு. கிழக்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வெயிலில் காய்ந்து கிடக்கும் நேர்ச்சாலை. மேற்கே புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று புனலூர் வரை வளைவும் ஈரமும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் கொட்டும். மதுரை ரோட்டில் வருஷக்கணக்கில் உழைக்கும் கெட்டி ரப்பர் தென்மலை மழையில் பிடிப்பதில்லை. மழையில் பிடிக்கும் மெத்து ரப்பர் மதுரை வெயிலில் கரைகிறது. எனக்கு மாமனார் வீடு புனலூர், வேலை விஷயமாக அடிக்கடி மதுரை. இரண்டையும் விட முடியாது.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17 (முதல் எண் டயரின் அகலம், கடைசி எண் ரிம்மின் விட்டம் இஞ்சில்), ஸ்போக் ரிம், ட்யூப் டயர். வண்டியோடு வந்த சியட் கிரிப் எக்ஸ்எல் நன்றாகவே உழைத்தது. ஆனால் எந்த டயரானாலும் நேர்ச்சாலையில் நிறைய ஓடினால் நடுப்பகுதி சப்பையாகிவிடும். வட்டமாக இருக்கவேண்டிய பரப்பு தட்டையாகி, இரண்டு ஓரத்திலும் ஒரு விளிம்பு தோன்றும். வண்டியை வளைவில் சாய்க்கும்போது முதலில் முரண்டு பிடிக்கும். அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். காய்ந்த ரோட்டில் பரவாயில்லை. புளியரை கொண்டை ஊசியில், கேரளாவுக்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிப்போகும் லாரிகளிலிருந்து சிந்திய தூள் மேல் தூறல் விழுந்திருக்கும்போது, அந்தச் 'சட்டென்று' வயிற்றைக் கலக்கும். பட்டன் (டயர் பரப்பில் இருக்கும் மேடு) இன்னும் பாக்கி இருக்கும்போதே நான் டயரை மாற்றியது இதனால்தான். மொட்டையாகட்டும் என்று காத்திருப்பது மலைப்பாதை ஓட்டுகிறவருக்குச் சரிப்படாது.

சரி, மாற்றலாம் என்று கிளம்பினால் டயர் எங்கே இருக்கிறது? தென்காசியில் ஸ்கூட்டருக்கும் 18 இஞ்ச் சக்கரத்துக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 21 இஞ்ச் என்றதும், "ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும் தம்பி" என்கிறார்கள். திருநெல்வேலியில் ஒரு கடையில் அளவு சரியாகவே இருந்தது. குனிந்து பக்கவாட்டைப் பார்த்தேன். டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3119 என்றால் 2019-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். நான் பார்த்த டயர் கடையிலேயே நான்கு வருஷம் சும்மா கிடந்திருக்கிறது.

"அண்ணாச்சி, இது பழைய டயருல்லா?"

"டயர் என்ன பாலா தம்பி, திரிஞ்சி போறதுக்கு?"

நல்ல பதில்தான், ஆனால் உண்மையில்லை. ஓடாமல் கிடந்தாலும் காற்றும் சூடும் பட்டு ரப்பர் இறுகும். பட்டன் புத்தம் புதிதாகத் தெரியும். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதுதான் விஷயம் தெரியும். தேதி காட்ட முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

கடைசியில் கொல்லத்தில் மெட்ஸெலர் டூரன்ஸ் ஜோடியாகக் கிடைத்தது. புனலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டம், மழைக்காலத்தில் ஒவ்வொரு மரமும் பால் வடியும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். அத்தனை ரப்பருக்கு நடுவே இருந்துகொண்டு இரண்டு டயருக்காகக் கொல்லம் வரை போகவேண்டியிருந்தது.

எம்ஆர்எஃப் மீட்டியோர்-எம் வாங்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. மண் பாதை அதிகம் ஓடுகிறவர்களுக்கு அது பொருத்தம். எனக்கு மண் என்றால் மிஞ்சிப்போனால் எஸ்டேட் வழிதான். இன்னொருவர் பின்னால் 130/80-17 போட்டால் கெத்தாக இருக்கும் என்றார். ரிம் அதேதான், அதில் அகல டயரைத் திணித்தால் டயரின் வளைவே மாறும். சாய்வுக்காக மாற்றப்போய் சாய்வைக் கெடுத்துக்கொள்வானேன்? 120/90-17 64எஸ் என்றே எடுத்தேன். 64 என்பது 280 கிலோ வரை தாங்கும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை என்று பொருள். பின்னால் வீட்டுக்காரியும் இரண்டு பெட்டியும் ஏறுகிற வண்டிக்கு இந்த 64-ஐக் குறைக்கவே கூடாது.

மாட்டியது புனலூரில் ஒரு பஞ்சர் கடையில். "பழைய ட்யூப் மதியோ?" (போதுமா?) என்று கடைக்காரர் கேட்டார். "வேண்டாம் சேட்டா, புதுசே போடுங்க" என்றேன். பழைய ட்யூப் நீண்டுபோயிருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பிலேயே கிழியும். மனிதர் கைகாரர். சுழற்சி அம்புக்குறியைச் சரிபார்த்து, டயரிலிருந்த மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார். டயரின் எடை குறைந்த இடம் அது, வால்வு இருக்கும் இடம் எடை கூடியது. சோப்புத் தண்ணீர் தடவி காற்றேற்றியதும் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தது. காற்றை இறக்கி மறுபடி ஏற்றினார்.

புது டயரில் மேல்பூச்சு போகும்வரை, முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர், அதிகம் சாய்க்காமல் நிதானமாக ஓட்டுங்கள். அதற்கப்புறம்தான் தென்மலைப் பாதையில் டயரின் குணம் தெரிந்தது. வண்டி ஒரே சீராகச் சாய்கிறது, இடையில் முரண்டு இல்லை. மழையில் கழுதுருட்டியின் பதிமூன்று கண் ரயில் பாலத்தை ஒட்டிய வளைவுகளில் முன் பிரேக்கைத் தைரியமாகத் தொட முடிகிறது. வெள்ளைக்கோட்டின் மேல் மட்டும் எந்த டயரையும் நம்புவதில்லை. சேற்றில் இதனிடம் எதுவும் எதிர்பார்க்கக்கூடாது. தார் ரோட்டுக்கென்று செய்தது. விலையும் கம்பெனி டயரைவிட நன்றாகவே கூடுதல்.

காற்று தனியாகப் போகும்போது முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 32 பிஎஸ்ஐ வைக்கிறேன், காலையில் டயர் சூடேறும் முன்பே பார்த்துவிடுவேன். ட்யூப் டயரில் ஆணி ஏறினால் காற்று மளமளவென்று இறங்கும் என்பதால் முன்சக்கர ட்யூப் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதைத் திணித்து மெதுவாக ஊர் வந்து சேரலாம்.

இப்போது 11,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பின் டயரில் நடுப்பகுதி தட்டையாகத் தொடங்கியிருக்கிறது, பள்ளத்துக்குள் இருக்கும், தேய்மானத்தைக் காட்டும் மேட்டைத் தொட இன்னும் உயரம் உண்டு. முன் டயர் பாதிகூடத் தேயவில்லை. அடுத்த சாரலுக்கு முன் பின் டயரை மட்டும் மாற்றுவேன். இந்த முறை கொல்லம் கடைக்கு முன்கூட்டியே போன் செய்து, தேதி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.