ஸ்ட்ரோலரை எங்கே ஒப்படைப்பது: கவுன்டரா, கேட்டா, இல்லை கேபினுக்கே எடுத்துப்போவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த கட்டண விமானத்துக்காகவே விலை உயர்ந்த 'கேபின் சைஸ்' ஸ்ட்ரோலர், அதாவது விமானத்துக்குள்ளேயே எடுத்துப்போகும் அளவுக்கு மடங்கும் குழந்தை வண்டி, வாங்காதீர்கள். சாதாரண மடக்கு வண்டியை விமானம் ஏறும் கேட் வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டால் போதும். மகளோடு சென்னை–தூத்துக்குடி, சென்னை–கோலாலம்பூர் என்று பலமுறை போய் வந்து, மூன்று வழியையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கவுன்டரில் பெட்டியோடு போட்டுவிடுவது சுலபம்தான். இண்டிகோ, ஏர்ஏசியா இரண்டிலும் கைக்குழந்தைக்கு ஒரு ஸ்ட்ரோலர் இலவசம். ஆனால் அதற்கப்புறம் விமானம் ஏறும்வரை இரண்டு மணி நேரம் குழந்தை உங்கள் இடுப்பில்தான். அதோடு பெட்டிகளுக்கு நடுவே வண்டி என்ன பாடுபடும் என்று சொல்ல முடியாது. எங்கள் முதல் வண்டி, இறங்கியதும் பெட்டிகள் வரும் பெல்ட்டில் வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்து குழந்தையை உட்காரவைத்துத் தள்ளினால் முன் சக்கரம் வெளிப்பக்கம் வளைந்து, வண்டி இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்துவிட்டோமே, யாரும் பொறுப்பேற்கவில்லை. அதனால் பெல்ட் பக்கத்திலேயே விரித்து, நாலடி தள்ளிப் பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணமென்றால், விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பை கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இப்போது கேபின் வண்டி. விளம்பரத்தில் வரும் அந்த 'கேபின் சைஸ்' எந்த அளவை வைத்துச் சொல்வது? பெரும்பாலும் சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் பொது அளவான 56×45×25 செ.மீ. பேபிசென் யோயோ என்ற வண்டியை மடக்கினால் 52×44×18, அதில் அழகாக அடங்கும். ஆனால் இண்டிகோவின் கைப்பை அளவு 55×35×25, ஏர்ஏசியாவுடையது 56×36×23. அந்த 44 எங்கே, இந்த 35 எங்கே! ஒரு நாள் விடுவார்கள், மறுநாள் விமானம் நிறைந்திருந்தால் கேட்டில் வாங்கி டேக் போட்டுவிடுவார்கள். அப்புறம் எதற்கு அவ்வளவு காசு? ஜிபி பாக்கிட் என்ற வண்டி மட்டும் 30×18×35 ஆக மடங்கும், எடை 4.3 கிலோ. அளவில் பிரச்சினையே இல்லை, ஆனால் எடையையும் கைப்பைக் கணக்கில் சேர்த்தால் 7 கிலோவில் மிச்சம் 2.7 தான், டயப்பரும் பால் புட்டியும் மாற்றுத்துணியும் அதற்குள் அடங்க வேண்டும். முதலில் வந்த மாடலில் குழந்தையைச் சாய்த்துத் தூங்கவைக்கவும் முடியாது. தூத்துக்குடிக்குப் போகும் சிறிய ஏடிஆர் விமானத்திலோ மேல் தட்டே சின்னது.

கேட்டில் கொடுப்பதற்குக் குடை மாதிரி மடங்கும் வண்டிதான் சரி. 1965-இல் அதை வடிவமைத்த ஓவன் மக்ளாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியில் வேலை பார்த்த பொறியாளர். கனமான வண்டியோடு பயணம் செய்யக் கஷ்டமாக இருக்கிறது என்று அவருடைய மகள் சொன்னதிலிருந்து பிறந்தது அது. கவுன்டரிலேயே டேக் வாங்கிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வண்டியை மடக்கி எக்ஸ்ரேயில் விட வேண்டும், அதனால் ஒரு கையால் மடக்க வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். டேக் போடும்போது, "இறங்கும்போது விமான வாசலில் கிடைக்குமா, பெல்ட்டில் வருமா?" என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பல இடங்களில் பெல்ட்டில்தான் வரும், குடியேற்ற வரிசை முழுக்கக் குழந்தை உங்கள் கையில். அந்த நேரத்துக்குத்தான் கேரியர் வேண்டும் என்றேன். அது மடித்தால் ஒரு துண்டு அளவுதான் இருக்கும்.

கேட்டில் கொடுக்கும் முன் கப் ஹோல்டர், தொங்கும் பொம்மை எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போட்டு, மடக்குப் பட்டையை மாட்டி, டேக் தெரியும்படி வண்டியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.