டாஃபிள்மையரா, செக்ஷனல் ரிங்கா: காம்போசிட்டில் காண்டாக்ட் கிடைக்க எதை எடுப்பது?

கிளாஸ் டூ காம்போசிட்டுக்கு, அதாவது பின்பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கத்தில் வைக்கும் பல்நிற ஃபில்லிங்குக்கு, பல்லை முழுக்கச் சுற்றி உலோகப் பட்டையை (பேண்ட்) இறுக்கும் டாஃபிள்மையரை மாட்டுவதா, ஒரு பக்கத்துக்கு மட்டுமான வளைந்த பட்டையும் (செக்ஷனல் மேட்ரிக்ஸ்) பற்களை விலக்கும் ஸ்பிரிங் வளையமும் (ரிங்) எடுப்பதா என்று கேட்டால், பெரும்பாலான பற்களுக்கு ரிங் என்றுதான் சொல்வேன். நான் கற்றது டாஃபிள்மையரில்தான், அதை இன்னும் தூக்கிப் போடவில்லை, எங்கே தேவை என்று கீழே சொல்கிறேன். ஆனால் காண்டாக்ட், அதாவது பக்கத்துப் பற்கள் தொட்டுக்கொள்ளும் இடம், தளர்ந்துபோய் "சாப்பிட்டால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது டாக்டர்" என்று நோயாளி திரும்பி வருவது ரிங்குக்கு மாறிய பிறகு எனக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது.

விலை, பழக்கம், வேகம் எல்லாவற்றிலும் டாஃபிள்மையர்தான் முன்னே நிற்கிறது. மாட்டத் தெரியாத பல் மருத்துவர் கிடையாது, பேண்டும் மலிவு. ரிங் செட்டுக்கு முதலில் நிறையச் செலவு, கை பழக நாளும் ஆகும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் ஒன்றே ஒன்று: பேண்டின் தடிமன். பேண்ட் சுமார் 0.04 மி.மீ. இருக்கும். அதன் மேல் சாய்த்து ஃபில்லிங்கை முடித்துவிட்டு பேண்டை உருவினால், அந்த அளவுக்கு ஒரு இடைவெளி மிச்சம். இதை அடைக்க ஒரே வழி, ஃபில்லிங் வைக்கும்போது பற்களைக் கொஞ்சம் விலக்கி வைத்திருப்பது. பல்லை எலும்போடு பிடித்திருக்கும் லிகமென்ட் அதற்கு இடம் கொடுக்கும், பிடியை எடுத்ததும் பல் பழைய இடத்துக்குத் திரும்பி இடைவெளியை மூடிக்கொள்ளும். அமால்கம் (வெள்ளி நிற உலோகக் கலவை) காலத்தில் இது பெரிய தலைவலியாக இல்லை. காரணம், அமால்கமை அழுத்தி அழுத்தி அடைக்கும்போது அதுவே பேண்டை அடுத்த பல்லின் மேல் தள்ளிவிடும். காம்போசிட் தள்ளாது. எவ்வளவு கெட்டியான காம்போசிட் வாங்கினாலும் அழுத்தினால் பக்கவாட்டில் வழிகிறதே தவிர பேண்டை நகர்த்துவதில்லை, போதாக்குறைக்கு க்யூர் ஆகும்போது (ஒளி பட்டு இறுகும்போது) கன அளவில் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கவும் செய்யும். ஆகவே காம்போசிட்டில் காண்டாக்ட் என்பது பொருளை வைத்துக் கிடைப்பதில்லை, பல்லை விலக்கும் விசையை வைத்தும் பேண்டின் வளைவை வைத்தும் கிடைப்பது.

இப்போது இரண்டையும் பாருங்கள். டாஃபிள்மையர் பேண்ட் பல்லை முழுக்கச் சுற்றுகிறது. சொத்தை மீசியல் (முன்) பக்கம் மட்டும் இருந்தாலும் டிஸ்டல் (பின்) காண்டாக்ட்டிலும் பேண்ட் நுழைந்து நிற்கும், அதாவது இரண்டு பேண்ட் தடிமனுக்கு ஈடுகட்ட வேண்டும், அந்த வேலை முழுவதும் பற்களுக்கு நடுவே செருகும் ஒற்றை ஆப்பான வெட்ஜின் தலையில். வெட்ஜை ஓங்கித் தள்ளினால் அது காண்டாக்ட் உயரம் வரை ஏறி பேண்டையே உள்ளே நசுக்கிவிடும். செக்ஷனலில் ஒரே பக்கம், ஒரே தடிமன். விலக்கும் வேலையை ரிங் செய்கிறது, ஈறு ஓரத்தில் பேண்டை ஒட்டவைக்கும் வேலை மட்டும் வெட்ஜுக்கு. ரிங்கை மாட்டியதும் விசை நிற்காமல் தொடர்வதால், எட்ச், பாண்ட் என்று ஃபில்லிங் ஒட்டுவதற்கான பூச்சுகள் எல்லாம் முடிவதற்குள் பல் மெல்ல நகர்ந்து இடம் கொடுத்திருக்கும். 2006இல் நெதர்லாந்தில் லூமன்ஸ் குழுவினர் நோயாளிகளிடமே செய்த ஒப்பீட்டுச் சோதனையிலும் ரிங்கோடு வைத்த செக்ஷனலில்தான் காண்டாக்ட் இறுக்கமாக வந்தது.

வடிவமும் இதோடு சேர்ந்ததுதான். சாதாரண டாஃபிள்மையர் பேண்ட் தட்டையானது, இறுக்க இறுக்க இன்னும் நேராகும். அதில் காண்டாக்ட் கிடைத்தாலும் மார்ஜினல் ரிட்ஜை (கடிக்கும் பரப்பின் ஓர விளிம்பை) ஒட்டி மேலே ஒரு புள்ளியில்தான் கிடைக்கும், அதற்குக் கீழே வெற்றிடம். ஃப்ளாஸ் (பல் இடுக்கு நூல்) "டக்" என்று இறங்கும், நாமும் திருப்தியாகிவிடுவோம், அப்புறம் மேலே பாலிஷ் பண்ணும்போது அந்தப் புள்ளியே தேய்ந்து போகும். செக்ஷனல் பேண்ட் பல்லின் வயிற்று வளைவோடே வருகிறது. காண்டாக்ட் ஒரு பரப்பாக, இருக்க வேண்டிய உயரத்தில் அமைகிறது. ஃபில்லிங்குக்கு முன்னால் நுனி உருண்டையான சின்ன பர்னிஷரால் (தேய்க்கும் கருவி) பேண்டை அடுத்த பல்லோடு தேய்த்துவிடுவேன், உள்ளே பார்த்தால் பேண்ட் அடுத்த பல்லில் படியும் இடம் தெரியும். அது தெரியாமல் காம்போசிட்டை எடுப்பதில்லை.

ரிங்குக்கும் எல்லை உண்டு. பாக்ஸ் (பல்லின் பக்கத்தில் வெட்டிய குழி) அகலமாகி பக்கச் சுவர்கள் போய்விட்டால் ரிங்கின் கால்கள் நிற்க இடமில்லாமல் பேண்டைக் குழிக்குள் தள்ளிவிடும், ஃபில்லிங்கின் இடுப்பு ஒடுங்கிப்போகும். சிலிகான் கால் உள்ள புதிய ரிங்குகளில் இது குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. கடைசி மோலார் (கடைவாய்ப் பல்) குட்டையாக இருந்தால் ரிங் துள்ளி விழும், ரப்பர் டேமை (எச்சில் படாமல் காக்கும் ரப்பர் திரையை) பிடிக்கும் கிளாம்போடு இடித்துக்கொள்ளும். ஈறுக்குக் கீழே ஆழமாகப் போன மார்ஜினிலும் (குழியின் விளிம்பு), கஸ்ப் (பல்லின் மேல் முகடு) போய்ப் பாதிப் பல்லைக் கட்ட வேண்டிய இடத்திலும் நான் இன்னும் டாஃபிள்மையரைத்தான் எடுக்கிறேன். ஆழமான மார்ஜினை முதலில் அதை வைத்து மேலே கொண்டுவந்துவிட்டு, பிறகு செக்ஷனலுக்கு மாறுவதும் உண்டு. மேல் முதல் பிரீமோலாரின் (முன்கடைவாய்ப் பல்) மீசியல் பக்கம் இரண்டுக்குமே கஷ்டம், வேரில் உள்ள பள்ளத்தில் எந்த வெட்ஜும் சரியாகப் படியாது. வெட்ஜுக்கும் பேண்டுக்கும் நடுவே கொஞ்சம் டெஃப்லான் டேப்பை அடைத்தால் ஓவர்ஹேங் (விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும் ஃபில்லிங்) அடங்கும்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிங் நிரந்தரம் இல்லை. ஆட்டோகிளேவில் போய்ப் போய், ஃபோர்செப்ஸால் அளவுக்கு மீறி விரித்து விரித்து ஸ்பிரிங் தளரும். ஸ்டீலைவிட நிக்கல் டைட்டானியம் நன்றாகத் தாங்குகிறது. பார்க்கப் பழைய மாதிரியே இருக்கும், மாட்டும்போது கையில் எதிர்ப்பு குறைந்திருந்தால் அதை மாற்றிவிட வேண்டியதுதான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேண்டுகளைப் பின்பற்களில் நான் கொஞ்சம்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கையில் டாஃபிள்மையர் மட்டும்தான் இருக்கிறது என்றால், வளைவு கொடுத்த பேண்டை வாங்குங்கள். பல்லை வெட்ட ஆரம்பிக்கும் முன்பே வெட்ஜைச் செருகிவிடுங்கள், வேலை முடியும் வரை அது பல்லை விலக்கிக்கொண்டே இருக்கும். பேண்டை மாட்டி வெட்ஜை மறுபடி இறுக்கியதும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, உள்ளிருந்து பர்னிஷ் செய்யுங்கள். மீசியல், டிஸ்டல் இரண்டு பக்கமும் பாக்ஸ் இருந்தால், க்யூர் செய்யும் நேரத்தில் பேண்டை ஒரு கைக்கருவியால் அடுத்த பல்லோடு அழுத்திப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக முடிப்பது நல்லது.

எந்த முறையானாலும் பேண்டை எடுத்ததும், பாலிஷுக்கு முன்னால், ஃப்ளாஸை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிப் போனால் அன்றைக்கே, மரப்பு இறங்குவதற்குள், அந்தப் புதுக் காம்போசிட்டிலேயே சின்ன பாக்ஸ் ஒன்றை வெட்டி, ரிங் வைத்து அந்தச் சுவரை மட்டும் மறுபடி கட்டிவிடலாம்.