இறுகிய கழிவு வால்வு: மசகா, புது சீலா, புது வால்வா?

குற்றாலத்தில் சாரல் முடிந்து ஊர் திரும்பிய அன்று, எங்கள் கேரவனில் (தங்கும் வசதியுள்ள வண்டி) கழிவறைத் தொட்டியைத் திறந்து காலிசெய்யும் வால்வு இறுகிக்கொண்டது. வீட்டுச் செப்டிக் டேங்கில் கொட்டிவிடலாம் என்று கைப்பிடியைப் பலம் கொண்ட மட்டும் இழுத்ததில் கம்பி வளைந்ததுதான் மிச்சம். கழிவுநீர் லாரியை வரவழைத்து மேலிருந்தே உறிஞ்சி எடுக்கவேண்டியதாயிற்று.

இந்த வால்வின் அமைப்பு எளிமையானது. குழாய் முனைகளில் உள்ள இரண்டு விளிம்புகளுக்கு நடுவே ஒரு தட்டு சறுக்குகிறது. தட்டின் இருபுறமும் ரப்பர் சீல். நான்கு போல்ட் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கின்றன. கழிவறைத் தொட்டிக்கு வழக்கமாக 3 அங்குலம், குளியல் நீருக்கு 1.5 அங்குலம். சீல் காய்ந்தாலோ, தட்டு நுழையும் பள்ளத்தில் காகிதமும் கசடும் அடைந்தாலோ இறுகிவிடும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து உப்பு போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறவர்களுக்கு வெள்ளைப் படிவும் சேர்ந்துகொள்ளும்.

செலவு குறைந்த வழி மசகு. காலித் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரோடு வால்வுக்கென்றே விற்கும் மசகுத் திரவத்தை ஊற்றி, ஓர் இரவு விட்டு, மெதுவாக இழுத்துத் தள்ளவேண்டும். வெளியே தெரியும் கம்பியில் சிலிக்கான் ஸ்பிரே. சீல் காய்ந்து மட்டும் இருந்தால் இது போதும். பள்ளத்தில் கசடு இருந்தால் சில நாளில் பழைய கதைதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். இன்ஜின் ஆயிலில் சில வகை ரப்பர் ஊதிப்போகும்.

என் மனம் சாய்வது கழற்றிச் சுத்தம் செய்து புது சீல் போடுவதில்தான். தொட்டி காலியாக இருக்கவேண்டும், இரண்டு முறை அலசியிருக்கவேண்டும், கையுறை கட்டாயம். நான்கு போல்ட்டையும் எடுத்ததும் நடுப்பகுதி வெளியே வரும். எங்கள் வால்வின் பள்ளத்தில் காகிதம் களிமண் போல இறுகிக் கிடந்தது. பல் துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்தேன். சீலின் ஓரத்தை நகத்தால் அழுத்தினால் மீளாமல் பள்ளம் அப்படியே நின்றது. அப்படியானால் அந்த ரப்பரின் ஆயுள் முடிந்தது. சிரமம் திரும்பப் பூட்டும்போதுதான்: வால்வைச் செருகும்போது சீல் மடங்கிக்கொள்ளும். சிலிக்கான் கிரீஸைத் தடவி அதை இடத்திலேயே ஒட்டவைத்து, விளிம்புகளைச் சற்றே விலக்கிப் பிடித்துச் செருகவேண்டும். போல்ட்களைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவேண்டும். இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தால் பாதி வேலை குறையும்.

தட்டு கீறியிருந்தால், அல்லது எங்களுடையதைப் போலக் கம்பி வளைந்திருந்தால், நடுப்பகுதியைப் புதிதாக வாங்குவதே சரி. பழைய விளிம்புகள் நன்றாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். அவை குழாயோடு ஒட்டப்பட்டவை; அவற்றுக்குரிய அமெரிக்க 3 அங்குலக் குழாயின் வெளி விட்டம் 88.9 மில்லிமீட்டர், நம் கடைகளில் கிடைக்கும் பிவிசி குழாய் 90. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சரியாகப் பொருந்தாது.

இங்கே பலரும் சொல்லும் இன்னொரு யோசனை, பம்ப்செட் கடையில் கிடைக்கும் பிவிசி பால் (ball) வால்வு, அதாவது உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு. குளியல் நீர்த் தொட்டிக்கு நான் ஆட்சேபிக்கமாட்டேன்: மலிவு, கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும், ஊரிலேயே கிடைக்கும். கழிவறைத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். உருண்டைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்தில் கசடு புகுந்தால் அதுவும் இறுகும். கனமும் அதிகம், மேடுபள்ளத்தில் குலுங்கிக் குழாய் இணைப்பை இழுக்கும்.

வால்வைக் கேபிளால் இழுத்துத் திறக்கும் வண்டி என்றால், வால்வைக் கழற்றும் முன் கேபிளைத் தனியாகப் பிரித்து இழுத்துப் பாருங்கள். பழுது அதிலேயே இருக்கலாம். வெளிவாயில் முறுக்கிப் பூட்டும் இரண்டாவது வால்வைக் கூடுதல் காவலாக மாட்டலாம். உள்ளே கசிகிற வால்வுக்கு அது மருந்தாகாது. பாபநாசத்தில் படித்துறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறோம். அங்கே தாமிரபரணியில் இறங்கிக் குளிப்பவர்களின் காலடிக்கு நம் தொட்டியிலிருந்து ஒரு சொட்டும் போகக்கூடாது.

அதனால் எந்த வழியில் போனாலும் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, வெளிமூடியைத் திறந்து, வால்வுக்கும் வாய்க்கும் கீழே செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுவைக்கிறேன். காலையில் தாள் காய்ந்திருந்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும்.