ஒரே தொட்டியா, தனித்தனித் தொட்டியா? வளர்ப்புப் பாம்புகளுக்கு எது சரி

இரண்டு பால் பைதான்கள் (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) ஒரே மறைவிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தால், பார்ப்பவர்கள் அதைப் பாசம் என்று நினைப்பார்கள். உண்மையில் தொட்டியில் இதமான மூலை ஒன்றுதான், இரண்டுக்கும் அதுதான் வேண்டும். பால் பைதானுக்குச் சூடான பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25–27 டிகிரி இருக்க வேண்டும். போட்டியில் பின்வாங்கும் பாம்பு குளிர்ந்த பக்கமே ஒதுங்கிக் கிடக்கும். அங்கே செரிமானம் மந்தமாகி, தின்ற இரையைக் கக்கும். பிறகு இரையைத் தொடவே தொடாது. சண்டை எதுவும் கண்ணில் படாததால் வளர்ப்பவருக்கு இது தெரிய மாதங்கள் ஆகும்.

இரை போடும்போதுதான் பெரிய ஆபத்து. ஒரே எலியை இரு முனைகளிலிருந்தும் இரண்டும் விழுங்கத் தொடங்கினால், நடுவில் தலைகள் முட்டும். பெரியது நிறுத்தாமல் சின்னதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். இரை நேரத்தில் மட்டும் தனிப் பெட்டிக்கு மாற்றலாமே என்றால், வயிறு நிரம்பிய பாம்பைக் கையாள்வதே கக்க வைக்கும். திரும்ப விடும்போது உடலில் எலி வாசம் வேறு ஒட்டியிருக்கும். கிங் ஸ்நேக் விஷயத்தில் இந்த ஆராய்ச்சியே வேண்டாம், அதன் இயற்கை உணவில் மற்ற பாம்புகளும் உண்டு.

நோய் என்று வந்தால் தனித்தொட்டியின் அருமை தெரியும். கக்கியது எது, எச்சத்தில் ரத்தம் எதனுடையது என்று கூட்டுத்தொட்டியில் சொல்ல முடியாது. ரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணிகள் ஒன்றில் ஏறினால் இரண்டிலும் ஏறும். கிரிப்டோஸ்போரிடியம் என்னும், வயிற்றைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி வந்துவிட்டால் வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அது அசையாது. அதனால்தான் புதிதாக வரும் பாம்பை 90 நாள் வேறு அறையில், அதற்கென்றே தனி இடுக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் கொடுத்து வைக்கிறார்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் இன்னொரு தலைவலி. வளர்ச்சி முடியாத கார்ன் ஸ்நேக் பெண் கருவுற்றால் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆணைப் பிரித்த பிறகும் பெண் விந்தணுவைச் சேமித்து வைத்திருந்து பல மாதம் கழித்து முட்டையிடும்.

செலவு மிச்சம் என்ற வாதமும் நிற்காது. 120 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கார்ன் ஸ்நேக்குக்கே 120×60×60 சென்டிமீட்டர் தொட்டி வேண்டும். இரண்டை முறையாகச் சேர்த்து வைக்க இரண்டு சூடான இடங்கள், குறைந்தது நான்கு மறைவிடங்கள், இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள் என்று போனால், செலவில் பெரிய மிச்சம் ஒன்றும் இருக்காது. நடுவில் தடுப்பு வைப்பது இரண்டுங்கெட்டான் வேலை: ஒரு பாதி முழுக்கச் சூடாகவும் மறுபாதி முழுக்கக் குளிராகவும் ஆகிவிடும், சிற்றுண்ணிக்குத் தடுப்பு ஒரு பொருட்டே இல்லை.

விதிவிலக்கு கார்ட்டர் ஸ்நேக். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்னும் இடத்தில் இவை பல்லாயிரக்கணக்கில் ஒரே குழிகளில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வீட்டில் சேர்த்து வைப்பதானால் ஒரே இனம், ஒரே அளவு, எல்லாம் பெண் என்று இருக்கட்டும். பாம்புகளின் எண்ணிக்கையைவிட ஒரு மறைவிடமாவது அதிகம் வையுங்கள். இவற்றிலும் ஒரே மண்புழுவை இரண்டு கவ்வுவது சாதாரணம். மேலே சொன்ன இடமாற்றச் சிக்கல் எலி விழுங்கும் பாம்புகளுக்குத்தான் அதிகம். சிறிய இரை தின்னும் கார்ட்டரைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து ஊட்டி, அரைமணி நேரம் கழித்து, உடலைத் தண்ணீரில் அலசித் திரும்ப விடலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். ஒன்று மட்டும் இளைத்தால் அன்றே பிரிக்க வேண்டும். ஆகவே தெர்மோஸ்டாட் பொருத்தி, வெப்பம் சரிபார்த்த காலித் தொட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.