பூட், ஜாயிண்ட், முழு ஷாஃப்ட்: எதை மாற்றினால் காசு மிஞ்சும்?

ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தேய்ந்தால் ஒர்க்‌ஷாப்பில் நாலு யோசனை கிடைக்கும். ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையான பூட் மட்டும் போடலாம், சக்கரப் பக்கத்து மூட்டான வெளி ஜாயிண்டை மாற்றலாம், ஷாஃப்டையே புதிதாகப் போடலாம், இல்லையென்றால் சென்னையின் பழைய வண்டி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது வாங்கலாம். எதைச் செய்தாலும் சக்கரம் மாட்டும் ஹப்பின் நடுவில் உள்ள நட்டைக் கழற்றி, ஹப்பைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மைப் பிரித்து, ஷாஃப்டை வெளியே எடுத்தாக வேண்டும். கழற்றி மாட்டும் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் மலிவான பொருளைப் போட்டு ஆறு மாதத்தில் மறுபடி கழற்றுவதுதான் இருப்பதிலேயே அதிகச் செலவு.

முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்றால் வெளி ஜாயிண்ட். நேர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் பக்கத்து டிரைபாட் ஜாயிண்ட், அதாவது மூன்று உருளை உள்ள உள் மூட்டு. சத்தமே இல்லை, சக்கரத்தின் உட்பக்கம் மட்டும் கிரீஸ் தெறித்திருக்கிறது என்றால் பூட் கிழிந்திருக்கிறது.

சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் பூட் மாற்றுவதுதான் முதல் தேர்வு. பூட் கிட் சில நூறு ரூபாய்தான். ஆனால் ஜாயிண்டைச் சோதிக்காமல் மேலே பூட்டை மாட்டுவது காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவது போல. பழைய கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாலிப்டினம் கிரீஸ் இயல்பிலேயே கறுப்பு, அதனால் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நறநறவென்றாலோ வெள்ளித் துகள் மின்னினாலோதான் கவலை. டீசலில் கழுவி, வெளி ஜாயிண்டின் ஆறு குண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து, அவை ஓடும் தடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தடம் பளபளவென்று இருந்தால் பரவாயில்லை. நகத்தில் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் எந்த கிரீஸும் காப்பாற்றாது. கிட்டில் வரும் பாக்கெட்டை முழுதாகப் போடுங்கள். வீல் பேரிங் கிரீஸை வைத்து ஒப்பேற்றக் கூடாது. கிளாம்ப் இருக்க வேண்டிய இடத்தில் கேபிள் டை கட்டினால் கிரீஸ் வெளியே வந்துவிடும். ஷாஃப்டைக் கழற்றாமல் ஒட்டும் பிளவு பூட்டும் கிடைக்கிறது. ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

தடம் போய்விட்டது, டிரைபாட் நன்றாக இருக்கிறது என்றால் வெளி ஜாயிண்ட் மட்டும் வாங்கலாம். முழு ஷாஃப்டின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். ஸ்ப்ளைன் எனும் நீளவாட்டுப் பற்களை உள்ளும் வெளியும் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் பல் வளையம் ஜாயிண்டின் மேல் இருக்கும் மாடல் என்றால் அதன் பற்களும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரில் விளக்கு எரியும். ஒரு சிக்கல்: பல சுசூகி மாடல்களில் வெளி ஜாயிண்டைப் பிரிக்கவே கூடாது என்பதுதான் கம்பெனி முறை. அவற்றில் வெளி பூட்டையும் டிரைபாட் பக்கமாகத்தான் கழற்றி ஏற்ற வேண்டும். அடித்துக் கழற்றிப் புது ஜாயிண்ட் போடுகிறவர்கள் உண்டு; சுத்தியல் பட்டு ஷாஃப்டின் ஸ்ப்ளைன் நசுங்கினால் அந்தச் சிக்கனம் அங்கேயே தீர்ந்தது.

இரண்டு ஜாயிண்டும் ஆடினால் முழு ஷாஃப்ட்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயர் தெரியாத டப்பாவில் வரும் புது ஷாஃப்டைவிட, தடம் நன்றாக உள்ள கம்பெனி ஷாஃப்டுக்குப் புது பூட் போட்டு ஓட்டுவது மேல். மலிவான ஷாஃப்டில் இரும்பின் கடினப் பதம் சரியாக இருக்காது, பூட் ரப்பரும் சீக்கிரம் வெடிக்கும். நீளம் சில மில்லிமீட்டர் பிசகினாலும் டிரைபாட் தவறான இடத்தில் ஓடும். கம்பெனி பாகம், இல்லையென்றால் ஜிகேஎன், என்டிஎன் போல ஜாயிண்ட் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களின் பாகம் வாங்குங்கள். பழைய ஷாஃப்ட் என்றால் பூட்டைத் திறந்து தடத்தைப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் மட்டும் வாங்கலாம். இடது வலது நீளம் வேறு வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேலையில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான். ஹப் நட்டின் மடிப்பை உளியால் நிமிர்த்திவிட்டு, வண்டி தரையில் நிற்கும்போதே இளக்க வேண்டும். நிமிர்த்தாமல் திருகினால் த்ரெட் உரியும். ஷாஃப்ட் ஹப்பில் இறுகியிருந்தால் பழைய நட்டை நுனிவரை மாட்டி, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்டைப் பிடித்து இழுக்கவே கூடாது, டிரைபாட் பூட்டுக்குள் கழன்றுவிடும். டிரைபாட் உட்காரும் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே லிவர் கொடுத்து நெம்ப வேண்டும். ஆயில் சீலும், ஷாஃப்டைப் பிடித்து வைக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப்பும் புதிதாகவே போடுங்கள். மாட்டும்போது ஸ்ப்ளைன் சீலின் உதட்டைக் கிழிக்காமல் உள்ளே போக வேண்டும். 'டிக்' என்று உட்கார்ந்ததும் கிண்ணத்தை இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. ஹப் நட்டும் புதிதுதான், டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் வைத்து இறுக்கிய ஹப்பில் வீல் பேரிங் ஊளையிடலாம். ஷாஃப்ட் இல்லாத ஹப்பின் மேல் வண்டியை நிறுத்தினாலும் உருட்டினாலும் பேரிங் பிரிந்துபோகலாம்.

ஷாஃப்டை எடுக்கும் முன் கியர் ஆயிலை வடிக்க மறந்தவர்கள் தரையைத் துடைப்பார்கள். வேலை முடிந்ததும், லெவல் துளை உள்ள கியர்பாக்ஸ் என்றால், வண்டியைச் சமதளத்தில் வைத்து ஆயில் அந்தத் துளையில் வழியும் வரை ஊற்ற வேண்டும்.