டப்பா வண்டிக்கு 4,500 டாலர்: அமெரிக்க அரசின் 2009 கார் மாற்றுத் திட்டம், ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் 2009 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 24 வரை ஒரே மாதம் விண்ணப்பம் வாங்கி முடிந்துபோன பழைய கார் மாற்றுத் திட்டத்தை, அதில் பயன்பெற்ற ஒரு குடும்பத்துடன் டீலரிடம் போய்வந்தவன் என்ற முறையில் மதிப்பிடுகிறேன். சட்டத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஊர் வழங்கிய பெயர் ‘கேஷ் ஃபார் கிளங்கர்ஸ்’, அதாவது டப்பா வண்டிக்குக் காசு. பழைய வண்டியை ஒப்படைத்தால் புதிய காரின் விலையில் அரசு தள்ளுபடி தரும். கார் வாங்குபவருக்கு அது ஏறக்குறையக் குறையில்லாத சேவை. ஐந்துக்கு நான்கரை தாராளமாகத் தரலாம். நொடித்துக் கிடந்த டெட்ராய்ட் வட்டார அமெரிக்க கார் நிறுவனங்களுக்குச் செய்த உதவி என்று பார்த்தால் இரண்டுக்கு மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கோடையின் நிலைமையைச் சொன்னால்தான் இந்த மதிப்பெண் விளங்கும். 2008 டிசம்பரில் அதிபர் புஷ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1,340 கோடி டாலரும் கிரைஸ்லருக்கு 400 கோடி டாலரும் அவசரக் கடனாக அறிவித்தார். அதுவும் போதாமல் 2009 ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லரும், ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றப் படியேறின. ஜூலை 10 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டு வந்தபோது அதன் பங்குகளில் 60.8 விழுக்காடு அரசின் கையில் இருந்தது. அடுத்த இரண்டே வாரத்தில் இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தெருவில் ஒரு கடையை விலைக்கு வாங்கிய முதலாளி, எதிர்க்கடையிலும் செல்லுபடியாகும் தள்ளுபடிச் சீட்டைத் தன் செலவிலேயே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த கதைதான்.

விதிகள் எளிமையானவை. பழைய வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், தயாராகி 25 ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், ஓராண்டாகத் தொடர்ந்து பதிவும் காப்பீடும் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும், மைலேஜ் கேலனுக்கு 18 மைலைத் தாண்டக் கூடாது. வாங்கும் புதிய கார் 22 மைலாவது தர வேண்டும். விலை 45,000 டாலருக்குள் இருக்க வேண்டும். பழையதற்கும் புதியதற்கும் மைலேஜில் 4 முதல் 9 மைல் வரை வேறுபாடு இருந்தால் 3,500 டாலர், 10 அல்லது அதற்கு மேல் என்றால் 4,500 டாலர். லாரி வகை வண்டிகளுக்கு மட்டும் கணக்கு சற்று வேறு.

மிச்சிகனில் இருக்கும் என் அத்தானிடம் ஒரு பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் இருந்தது. அதை வெளியில் விற்றிருந்தால் ஆயிரம் டாலர் தேறியிருக்குமா என்பதே ஐயம். பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள், உரிமைப் பத்திரம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். விற்பனையாளர் அரசின் இணையதளத்தில் வண்டியின் மைலேஜைச் சரிபார்த்துவிட்டு, புதிய ஃபோர்டு ஃபோகஸ் காரின் விலையிலிருந்து 4,500 டாலரை எங்கள் கண்ணெதிரே கழித்து எழுதினார். விண்ணப்பம் போட்டுக் காசோலைக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையே இல்லை. அரசு தரும் சலுகை ஒன்று, அதுவும் கையெழுத்துப் போட்ட மேசையிலேயே கிடைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காத்திருக்கும் வேலை டீலர்களின் தலையில் விழுந்தது. சலுகைத் தொகையை முதலில் தம் கையிலிருந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றி, போக்குவரத்துத் துறையிடமிருந்து பணம் வரும்வரை அவர்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். முதலில் ஒதுக்கிய 100 கோடி டாலர் ஒரு வாரத்திலேயே தீர்ந்துபோகும் நிலை வந்ததால், நாடாளுமன்றம் அவசரமாக இன்னும் 200 கோடி சேர்த்தது. இத்தனை கூட்டம் வரும் என்று திட்டம் தீட்டியவர்கள் எதிர்பார்க்கவே இல்லை என்பது அந்த இணையதளம் திணறியதிலேயே தெரிந்தது.

டீலரின் பின்கட்டில் நடந்த சடங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்பப் பெற்ற வண்டி மறுபடி சாலைக்கு வரக் கூடாது என்பதால், எஞ்சின் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, அதன் இடத்தில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, எஞ்சின் தானாக இறுகி நிற்கும்வரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று வேகத்தில் ஓடவிட வேண்டும் என்பது விதி. சூட்டில் நீர் வற்றியதும் அந்தக் கரைசல் கண்ணாடி போல உறைந்து, எஞ்சினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளைக் கவ்விப் பிடித்துவிடும். எக்ஸ்ப்ளோரர் முதலில் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பிறகு கரகரத்தது, ஒருமுறை குலுங்கியது, நின்றுவிட்டது. மெக்கானிக் சாவியை இன்னொரு முறை திருகிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். “பாவம் மாப்பிள்ளை, நேத்துகூட இதுலதான காய்கறி வாங்கப் போனோம்” என்றார் அத்தான். அப்படி ஏறத்தாழ 6.8 லட்சம் வண்டிகளின் எஞ்சின்கள் அந்த ஒரு மாதத் திட்டத்துக்காக முடக்கப்பட்டன. பழைய வண்டியை மட்டுமே வாங்க வசதியுள்ள ஏழைகளுக்கு அவற்றில் பல இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கும். என் மதிப்பெண்ணில் அரையைக் குறைத்தது இதுதான்.

இனிப் பணம் போன இடம். ஒப்படைக்கப்பட்ட வண்டிகளில் முதலிடம் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு. அந்தப் பட்டியலின் முதல் பத்தும் டெட்ராய்ட் வண்டிகளே. வாங்கப்பட்டவற்றில் முதலிடம் டொயோட்டா கொரோலாவுக்கு. நிறுவனவாரியாகப் பார்த்தால் டொயோட்டா 19.4 விழுக்காடு, ஜெனரல் மோட்டார்ஸ் 17.6, ஃபோர்டு 14.4, ஹோண்டா 13, கிரைஸ்லர் வெறும் 6.6. டெட்ராய்ட் மூவரான ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லரைக் கூட்டினாலும் நாற்பதைத் தொடவில்லை. இதில் சதி ஏதும் இல்லை. டெட்ராய்ட் லாபம் பார்த்ததெல்லாம் பெரிய வண்டிகளில்; திட்டம் பரிசளித்தது சிக்கனமான சிறிய கார்களுக்கு. மைலேஜ் விதியை எழுதிய அன்றே விடையும் எழுதப்பட்டுவிட்டது. பின்னர் இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அடுத்த சில மாதங்களில் எப்படியும் கார் வாங்கவிருந்தவர்கள்தாம் பெரும்பாலும் முன்கூட்டி வந்து வாங்கினார்கள் என்றும், விதிக்கு ஏற்ப விலை குறைந்த காராகப் பார்த்து வாங்கினார்கள் என்றும் கண்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே அரசின் இன்னொரு சேவை இருக்கிறது. நிறுவனமே மூழ்கிவிட்டால் வாரன்டிக்கு யார் பொறுப்பு என்று வாங்குபவர்கள் தயங்கியபோது, 2009 மார்ச் 30 அன்று அதிபர் ஒபாமா, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் வண்டிகளின் வாரன்டிக்கு அரசே நிற்கும் என்று அறிவித்தார். அதற்காக ஒதுக்கிய ஏறத்தாழ 64 கோடி டாலரும் முழுமையாகத் திரும்பி வந்தது. ஒரு எஞ்சின்கூட உடையவில்லை. உதவியும் யாரை நாடியதோ அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. இந்தச் சேவையை இன்று பேசுவோர் அரிது. எனக்கோ இரண்டில் சிறந்தது இதுதான்.

கொரோலா வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கார்களில் ஒரு பகுதி கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984 முதல் கூட்டாக நடத்திய ஆலையில் தயாரானதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கையின் ஊடே அந்தக் கூட்டிலிருந்து விலகிக்கொண்டது. கொரோலா அமோகமாக விற்றுத் தீர்ந்த அதே ஆகஸ்ட் மாத இறுதியில், ஆலையிலிருந்து வண்டி எடுப்பதை நிறுத்தப்போவதாக டொயோட்டாவும் அறிவித்தது. 2010 ஏப்ரல் 1 அன்று அங்கிருந்து கடைசியாக வெளிவந்த வண்டி ஒரு சிவப்புக் கொரோலா.