குட்டி நத்தையின் ஹோலோடைப்: உலர் ஓடா, எத்தனால் குப்பியா?

இலைச்சருகுக்குள் கிடைத்த, முற்றி வளர்ந்தும் ஒன்றரை மில்லிமீட்டரே உள்ள நத்தை புதிய இனம்தான் என்று உறுதியாகிவிட்டால், அடுத்து எடுக்கவேண்டிய முடிவு ஹோலோடைப், அதாவது இனத்தின் பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரி. வைக்கப்போகும் பெயர் அந்த ஒற்றை மாதிரியோடுதான் கட்டுண்டு கிடக்கும். பெயர்தாங்கும் மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிக்காமலோ, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று சொல்லாமலோ வெளியிட்டால், 2000 முதல் நடப்பிலுள்ள விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி அந்தப் பெயர் செல்லாது. மாதிரியை எப்படிப் பாதுகாப்பது என்பதை விதி நம்மிடமே விட்டுவிடுகிறது. உலர்ந்த ஓடாக வைக்கலாம். அல்லது நத்தையை உடலோடு எத்தனாலில் போடலாம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உலர் ஓடு. உயிரோடு பிடித்த நத்தையாக இருந்தால் அதன் சதையைப் பிரித்து எத்தனாலில் வைத்து, இரண்டுக்கும் ஒரே பதிவு எண் கொடுப்பது இன்னும் நல்லது. ஒரே விலங்கின் பாகங்கள் தனித்தனிக் குப்பியில் இருந்தாலும் அது ஒரே ஹோலோடைப்தான்.

எத்தனாலின் பெருமை தெரிந்ததே. டிஎன்ஏ கிடைக்கும், இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்கலாம், ராடுலாவை (பற்கள் நிறைந்த நாக்குப்பட்டையை) எடுக்கலாம். இதில் விவாதமே இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மாதிரியை வெட்டவோ கரைக்கவோ வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் உடலில் டிஎன்ஏ எடுத்தபின் மிச்சம் என்று சொல்ல ஏதும் இருக்காது. அந்த வேலை பாராடைப்புகளுக்கு (ஹோலோடைப்போடு சேர்த்து விவரிக்கப்படும் மற்ற மாதிரிகளுக்கு) உரியது, ஹோலோடைப்புக்கு அல்ல.

என்னை உலர் ஓட்டின் பக்கம் தள்ளுவது பராமரிப்பு. எத்தனாலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை, எத்தனால் முந்திக்கொள்ளும். 70 சதவீதம் என்று எழுதிய புட்டி பாதியாகக் குறைந்திருந்தால் உள்ளே இருப்பது 70 சதவீதம் அல்ல. அதன் மேல் மறுபடி 70 சதவீதத்தையே ஊற்றினால் ஒவ்வொரு முறையும் கரைசல் நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் சதை அழுகும். பெரிய புட்டியில் திரவ அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அளந்து, வலுவான எத்தனால் சேர்த்துச் சரிசெய்யலாம். குட்டி நத்தை இருக்கும் இரண்டு மில்லிலிட்டர் குப்பியில் அதற்கு இடமே இல்லை. பழைய திரவத்தை முழுதாக உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றவேண்டும். அப்போதுதான் விபத்து நடக்கும்: பிப்பெட் நுனியின் துளை நத்தையைவிட அகலமாக இருந்தால், திரவத்தோடு ஹோலோடைப்பும் ஏறிக் கழிவுக் கிண்ணத்துக்குப் போய்விடும். குப்பியைப் பஞ்சால் அடைத்தால் ஓடு இழையில் சிக்கும். எடுக்கும்போது ஓட்டின் வாய் விளிம்பு உடையும்.

எத்தனால் காலப்போக்கில் லேசாக அமிலத்தன்மை அடைவதும் உண்டு. பெரிய நத்தையின் தடித்த ஓடு தாங்கும். குட்டி நத்தைக்கு ஓடோ காகிதத்தைவிட மெல்லியது. முதலில் மங்குவது உச்சியில், முட்டைக்குள்ளேயே உருவான புரோட்டோகாஞ்ச் சுருள்களின் நுண்வரிகள். அந்த வரிகளும் குழிகளும்தான் பல பேரினங்களில் இனத்தைப் பிரிக்கும் அடையாளம். ஃபார்மலின் என்றால் பேச்சுக்கே இடமில்லை. அது ஓட்டைத் தின்றுவிடும்.

ஆக, குப்பி என்பது ஆண்டுதோறும் யாராவது திறந்து பார்க்கவேண்டிய பொருள். ஆள் மாறி, நிதி குறைந்து, சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் திரவம் வற்றி, உடல் சுருங்கிக் கட்டியாகி, ஓடு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

உலர் ஓட்டுக்கும் எதிரி உண்டு, பைன் (Byne) நோய். நோய் என்பது பழைய பெயர். உண்மையில் இது வேதிவினை. மரப்பெட்டி, அட்டை, கார்க், சிலவகைப் பசை ஆகியவற்றிலிருந்து கசியும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டின் கால்சியம் கார்பனேட்டைத் தாக்கும். லென்ஸில் பார்த்தால் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் படிகங்கள் தெரியும். துடைத்தால் படிகத்தோடு மேல்தோலும் போய்விடும். ஆனால் இதற்கான காவல் பெரும்பாலும் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது: உலோக அலமாரி, போரோசிலிக்கேட் கண்ணாடிக் குழாய், அமிலமற்ற காகிதம், 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம். ஜெலட்டின் கேப்சூல் மலிவுதான். ஈரமான இடத்தில் பிசுபிசுத்துச் சுருங்கும், பூஞ்சை பிடிக்கும். சாதாரணச் சோடாக் கண்ணாடியிலிருந்து காரம் கசிந்து அதுவும் ஓட்டைக் கெடுக்கலாம்.

பார்வைக்கும் உலர் ஓடே வசதி. உடல் உள்ளிழுத்துக்கொண்ட நத்தையில் ஓட்டு வாயின் ஆழத்திலுள்ள பற்கள், அதாவது ஓட்டிலேயே உள்ள பல்போன்ற புடைப்புகள், தெரியாது. திரவத்துக்குள் சுருளில் சிக்கிய காற்றுக்குமிழி வேறு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். உலர்ந்த ஓட்டை மெழுகுத் துணுக்கில் நிறுத்தி, வாய் நேராக நம்மைப் பார்க்குமாறு திருப்பி, உயரத்தையும் அகலத்தையும் அளந்து, சுருள்களைக் கால்சுருள் துல்லியத்தில் எண்ணலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்குத் தங்கம் பூசுவது மட்டும் பாராடைப்பில் இருக்கட்டும், பூச்சைத் திரும்ப எடுக்க முடியாது. கார்பன் டேப்பிலிருந்து பிரிக்கும்போது உடைவதும் அடிக்கடி நடப்பதுதான்.

சதையைப் பிரிக்க, நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும்போதே 80–90 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் விட்டு, மெல்லிய பூச்சி ஊசியால் பாதத்தைப் பிடித்துச் சுருளின் போக்கிலேயே திருகி இழுக்கவேண்டும். நேராக இழுத்தால் அறுந்து, மேல்சுருளில் பாதி உடல் நின்றுவிடும். டிப்ளோமாட்டினா பேரினம் போன்ற குறுகிய, நீண்ட ஓடுகளில் கவனமாகச் செய்தாலும் அறும். அங்கே உடல் மாதிரிக்கு வேறு நத்தையையே எடுப்பது மேல். ஓட்டின் வாயை அடைக்கும் மூடியுள்ள இனமாக இருந்தால் அந்த மூடியையும் தனியாக வைத்து எண் போடவேண்டும்.

உயிருள்ள நத்தையே கிடைக்காவிட்டால்? மண்ணை உலர்த்தித் தண்ணீரில் கொட்டினால் காற்றடைத்த வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் அள்ளிக்கொள்ளலாம். 2015இல் சீனாவின் குவாங்ஸியிலிருந்து விவரிக்கப்பட்ட, 0.86 மி.மீ. உயரமேயான அங்குஸ்டோபிலா டொமினிக்கே வெற்று ஓட்டை வைத்து வந்த இனம்தான். சுண்ணாம்பு வெளுப்பு ஏறாத, ஒளி ஊடுருவும், வாய் விளிம்பு முற்றிய ஓட்டையே ஹோலோடைப்பாக்கவேண்டும். வெளுத்த ஓட்டில் மேலிருந்த மயிர்களும் மேல்தோலும் போயிருக்கும். முற்றாத ஓட்டிலோ பல் அமைப்பே வந்திருக்காது.

எத்தனாலே வெல்லும் இடங்களும் உண்டு. ஓடு தகடாய்க் குறுகிய அரைநத்தைகளில் காய்ந்த ஓடு சுருண்டு வெடிக்கும். அடையாளமும் உடலில்தான் இருக்கிறது. ஓட்டை வைத்துப் பிரிக்கவே முடியாத இரட்டை இனங்களிலும் டிஎன்ஏ எடுத்த அதே விலங்கு ஹோலோடைப்பாக இருப்பதே சரி என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வகையிலும் என் கைப்பழக்கம் குறைவு, அதனால் அழுத்திச் சொல்லவில்லை. அப்படி வைத்தால், குப்பியை அதே அளவு வலுவுள்ள எத்தனால் நிரம்பிய பெரிய புட்டிக்குள் தலைகீழாக அமிழ்த்துங்கள். வற்றுவது முதலில் வெளிப்புட்டியில் தெரியும். லேபிளைப் பருத்திக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்துவிடும், லேசர் அச்சு உரிந்து எழுத்துகள் தனித்தனியாக மிதக்கும்.